முன் ஷொக்குக்குள் வைத்த ரப்பர்

எங்கள் தோட்டத்து ரோட்டைப் போட்டவன் எவனோ, அவன் ஒரு நாளாவது முதுகு வலியோடு அதில் போயிருக்க மாட்டான். தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் வரைக்கும் கல்லும் குழியும்தான். மழை பெய்தால் திரீவீலர்காரன் மேலே வரமாட்டான். தோட்டத்து லொறி பிரசவத்துக்கும் பிணத்துக்கும்தான் வரும். என் மனைவிக்கு இரண்டும் இல்லை. ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்தது.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். வாரம் தவறாமல் கிளினிக்குக்குக் கூட்டிவர வேண்டும், விட்டுவிட்டால் கால் திரும்பாது. என்னிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

அதன் முன் ஷொக், குலுக்கலைத் தாங்க வேண்டிய பாகம், செத்துக் கிடந்தது. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் குழாய்களுக்குள் ஸ்பிரிங் தளர்ந்து, எண்ணெய் ஒழுகி, ஒவ்வொரு குழியிலும் இரும்போடு இரும்பு 'டங்'கென்று இடிக்கும். அந்த இடி என் கைக்கு வந்து, பின்னால் அவள் முதுகுக்குப் போகும். கத்தினால்கூடப் பரவாயில்லை. அவள் கத்தமாட்டாள், என் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பாள். தெறித்த பட்டனையும் அவளே தைத்து வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில், என்ஜினுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு குழாய்களையும் உருவி எடுத்தேன். கவிழ்த்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர்போல எதுவோ வந்தது, கருவாட்டு நாற்றம். வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இதுக்குள்ள என்னா செத்துக் கெடக்கு?"

"ஒன் முதுகை ஒடைச்ச பேய்தான்."

சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அவிசாவளையில் வாங்கிய ஸ்பிரிங் வேறு பைக்குடையது. "ஹரி மல்லி, ஹரி", சரியாக வரும் தம்பி என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். குழாய்க்குள் இறக்கிப் பார்த்தால் உயரம் குறைகிறது. மேல் மூடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். வேறு ஊரில் இருப்பவன் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வெட்டி வைத்திருப்பான். எங்கள் ஊரில் ஜன்னல் ஆடினால் ரப்பர், கட்டில் கிறீச்சிட்டால் ரப்பர், கதவு காற்றில் அடித்தால் ரப்பர். நான் வேறு ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கிற வேலைக்காரன். கைக்குப் பழகியதுதான் புத்திக்கும் வந்தது. ஷீட்டை வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே வைத்தேன். பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நல்ல வேலை மச்சான். ஸ்பிரிங் போனாலும் ரப்பரு தாங்கும்."

புது எண்ணெயை அவளுடைய மருந்துப் போத்தலால் அளந்து இரண்டு பக்கமும் சமமாக ஊற்றினேன். நெஞ்சைக் கொடுத்து அமுக்கி மூடியைத் திருகினேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரம் பைக் மெத்தை மாதிரி இறங்கியது. அவள் என் சட்டையைப் பிடிக்கவே இல்லை. பெரிய குழியைத் தாண்டியதும், "கார்ல போற மாதிரி இருக்குங்க" என்றாள். கிளினிக்கில் கால் கட்டைவிரலை அசைத்துக் காட்டினாள். திரும்பும்போது தெஹியோவிட்டவில் இறங்கி பிளேன்டீ குடித்தோம். கால் வந்துவிடும் என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன்.

எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பால் வெட்டுகிறோம், உறைய வைக்கிறோம், உருட்டுகிறோம், புகை போடுகிறோம். லொறியில் ஏற்றிய பிறகு அது என்ன ஆகிறது என்று யார் கண்டது? உள்ளே ஷீட் எண்ணெயைக் குடித்து ஊதி, களியாகி, பிய்ந்து, எண்ணெய் போகிற துவாரங்களை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஷொக் வாரத்துக்கு வாரம் இறுகியது. புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு கிளினிக் நாளில், இறக்கத்தில், அது அசையவே மறுத்தது. உலக்கையில் சக்கரம் மாட்டியது மாதிரி. ஒவ்வொரு கல்லும் நேராக அவளுக்குப் போனது. பாதி வழியில் முதல் தடவையாகக் கத்தினாள். நிறுத்தி இறக்கினேன். ரப்பர் மரத்தில் சாய்ந்து, வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதுங்க. என்னைய வூட்டுல விட்டுருங்க."

"இன்னும் கொஞ்ச தூரந்தான். மெயின் ரோடு வந்துரும்."

"வந்து? திரும்பி இதே ரோட்டுலதானே வரணும்."

பைக்கை அங்கேயே விட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் மேட்டில் ஏறினேன். அதற்குப் பிறகு கெஞ்சினேன், ஏசினேன், அழுதும் பார்த்தேன். அவள் கிளினிக்குக்கு வரவில்லை. கால் முழுசாக மரத்துப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் ஷொக்கை மறுபடி பிரித்தேன். அப்போதுதான் அந்தக் களியைப் பார்த்தேன். விரலால் வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, இரும்புத் துண்டு வெட்டி வைத்து, புது எண்ணெய் ஊற்றினேன். உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"சரியாயிருச்சாங்க?"

"ஆயிருச்சு."

"அப்ப மருந்தை நீங்களே போயி வாங்கிட்டு வந்துருங்க."

நான்தான் போய் வருகிறேன். முன்சக்கரம் குழியில் இறங்கி ஏறுவதே தெரிவதில்லை. பெரிய குழி வரும்போது மட்டும், பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடிக்கும் என்று என் முதுகு இன்னும் எதிர்பார்க்கிறது.