நான் எழுதிக் கொடுத்த போர்

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் வாழ்த்து மடல் எழுதி வாசிப்பது நான்தான். புலமையால் கிடைத்த பதவி அல்ல. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து நாலு வரி வாசித்தேன். பெண் வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று பிடித்தது இந்தச் சனி.

போன வருஷத் திருவிழாவில், பகல் பூசைக்குப் பிறகு, பட்டாளத்து மாமாவைப் பாராட்டுவது என்று முடிவானது. எங்கள் தோட்டத்தில் பிறந்து மலேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில் வீரப் பதக்கம் வாங்கியவர். பதக்கம் எதற்குக் கிடைத்தது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் சொன்னதில்லை. அவரிடம் கேட்கவும் முடியாது. பாராட்டப்படுகிறவரிடமே போய் “உங்க பெருமை என்னங்க?” என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. அதனால் எங்கள் வழக்கப்படி அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் விசாரித்தேன். கோயில் தலைவர், “ஏழு பேர சுட்டாராம்” என்றார். தண்ணீர்ப் பந்தலில் ஒருவர், “ஏழு இல்லலா, பதினொன்னு” என்றார். நான் நடுநிலையாக ஒன்பது என்று போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவரைப் பெரியவராகக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரைக் கொஞ்சம் குள்ளமாக்க வேண்டும் என்பது கல்யாண மடல்களில் நான் கண்ட சூத்திரம். ஆகவே எழுதினேன்: ‘உடன்வந்தோர் உயிருக்கஞ்சி ஓடிட, ஒருதனி வேங்கையாய் நின்று ஒன்பது பகைவரை வீழ்த்திய உத்தம வீரரே!’ மோனை முத்து முத்தாக விழுந்தது. சிரம்பான் டவுனில் அச்சடித்து, தங்க நிற விளிம்போடு கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. செனாவாங் தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். மேடை நடுவில் மாமா. முன்வரிசையில், என் மனைவிக்குப் பக்கத்தில், சொங்கோக் தொப்பி அணிந்த ஒரு மலாய்ப் பெரியவர். நான் மைக்கைப் பிடித்ததும் மாமா கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி, அதோ தொப்பி போட்டு ஒக்காந்திருக்கானே, அவன் என் கூட்டாளி. அந்தச் சண்டையில என்கூட இருந்தவன். கோலப்பிலாவுலேருந்து வந்திருக்கான். நீ ஒவ்வொரு வரியும் படிச்சிட்டு மலாய்லயும் சொல்லிடு. அவனுக்கும் வெளங்கணும்ல?”

அப்போதுதான் அந்தப் பெரியவரின் இடது கால் செருப்பைக் கவனித்தேன். அதற்குள் இருந்தது பிளாஸ்டிக் பாதம். நான் ஓடவிட்ட ‘உடன்வந்தோர்’ இவர்தான்.

மேடையிலிருந்து இறங்க ஒரே படி. அதை மறித்துத் தலைவரின் நாற்காலி. பின்னால் சுவர். மயங்கி விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் என் மனைவி, “நடிக்கிறாரு” என்று உரக்கச் சொல்வாள். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும்போது ஏற்கெனவே அப்படிச் சொன்னவள். சாமி வந்ததுபோல் ஆடலாம். ஆனால் பூசாரி எதிரிலேயே நிற்கிறார். எலுமிச்சம்பழத்தோடு வந்து எந்தச் சாமி என்று கேட்டால், எதைச் சொல்வது? மலாயில் மட்டும் மாற்றிச் சொல்லலாமென்றால், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழைவிட மலாய் நன்றாக வரும். இரண்டிலுமே மாற்றிச் சொன்னாலும் கண்ணாடிச் சட்டம் மாமா வீட்டுச் சுவரில் தொங்கத்தானே போகிறது? கூட்டாளி பெருநாளுக்கோ தீபாவளிக்கோ வந்து அதன் கீழே உட்காருவார். யாராவது ஒருநாள் அவருக்குப் படித்துக் காட்டுவார்கள்.

வேறு வழியின்றித் தொடங்கினேன். ‘சிங்கமே’ என்றேன், மலாயிலும் சிங்கம் என்றேன். பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ‘தோட்டம் தந்த தங்கமே’ என்றேன். அதற்கும் தலையாட்டினார். அடுத்தது அந்த வரி. வாய் திறந்தபடி நின்றது.

“என்னய்யா, செலை மாரி நிக்கிற? படிலா! சோறு ஆறுது!” என்றார் தலைவர்.

“மூக்குக்கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாரு போல!” என்று என் மனைவி குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு விட்டிருப்பேன்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் மடியில் அதைச் சாய்த்து, குனிந்து அந்த வரியில் விரலை வைத்தேன். “மாமா, இது... நான் சும்மா எழுதுனது.”

அவர் வாசித்தார். உதடு அசைய, மெதுவாக. மறுபடியும் ஒருமுறை.

“ஓடுனாங்களா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல மாமா. மோனைக்குப் போட்டேன்.”

கையில் இருந்த மைக்கை நான் அணைக்கவில்லை. மோனைக்குப் போட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. மலாய்ப் பெரியவர் என்னவென்று பக்கத்தில் கேட்க, இருபத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்த புண்ணியவதி எல்லாவற்றையும் சுத்தமான மலாயில் விளக்கினாள். கணவன் என்பதற்காக ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

மாமா மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டாளியைப் பார்த்தபடி மலாயில் சொன்னார்: “நான் யாரையும் சுடவில்லை. இவன் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குத்தான் பதக்கம்.” அவ்வளவுதான். மைக்கை என்னிடம் நீட்டினார்.

“முழுதாகச் சொல்!” என்று கீழிருந்து மலாயில் கத்தினார் கூட்டாளி. ஊன்றுகோலை நிறுத்தி எழுந்துவிட்டார். “வழியெல்லாம் அழுதான் இவன்! கால் போனது எனக்கு. ஆறுதல் சொன்னதும் நான்தான்!”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் மாமாவைப் பார்த்தது. மாமா மறுக்கவில்லை. மைக் இல்லாமலே, என்னிடம்தான் சொன்னார்.

“பயம்தான் தம்பி. அங்க ஒன்னு இருந்தா இன்னும் எத்தன இருக்கும்? கால எங்க வச்சாலும் வெடிக்கும்னு இருந்துச்சி. வைக்காம நிக்கவும் முடியாது. இவன் ரத்தம் என் சட்டைக்குள்ள ஓடுது. ஒவ்வொரு அடிக்கும் அழுதேன்.”

தலைவர் அவசரமாகப் பொன்னாடையை எடுத்து வந்து போர்த்தினார். மாமா அதைத் தோளில் வாங்கிக்கொண்டு, மடியிலிருந்த சட்டத்தை என் கையில் வைத்தார்.

“திருத்திக் கொண்டா. அந்த ஒன்பது பேர எடுத்துடு. இவனும் நானும்னு போடு. இவன் சொன்னதையும் போடு.”

“நீங்க அழுததையா மாமா?”

“அத மொதல்ல போடு.”