கத்திரிப்பூ டவுசர்

மொட்டை மாடியில் ஏதாவது தொப்பென்று விழுந்தால் போதும். தென்னை மட்டை விழுந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் மூட்டையை இறக்கி வைத்தாலும் சரி, அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் படியேறி ஓடுகிறேன். மகன் கீழே கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறான், வலது கையில் மாவுக்கட்டோடு. அது தெரிந்தும் ஓடுகிறேன்.

போன வாரம் அவனும் எதிர்வீட்டுப் பொடியனும் மாடியில் மல்யுத்தம் விளையாடியிருக்கிறார்கள். டி.வி.யில் வருகிற, கயிறு கட்டிய மேடைச் சண்டை. பொடியன் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, கீழே மல்லாந்து கிடந்த என் மகன் மேல் குதித்துவிட்டான். பொடியனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவனுக்கு முன்கை எலும்பு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வரை அழாமல் இருந்தவள், கட்டுப் போட்ட பிறகு அவனைத் திட்டித் தீர்த்தேன்.

“அவன் குதிக்கறது தெரியுதில்ல? உருண்டு அந்தப் பக்கம் போயிருக்கலாமில்ல? ஏண்டா அப்படியே படுத்துக் கெடந்த?”

“நான் நகந்திருந்தா அவன் தரையில விழுந்திருப்பான்மா” என்றான், கணக்குக்கு விடை சொல்வதுபோல.

இதே மாதிரி ஒரு பதிலை வெகுகாலம் முன்பு ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை நான் கேட்டதில்லை. பார்த்திருக்கிறேன்.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதி குடும்பம். விசைத்தறிகள் ஓடத் தொடங்கினால் சுவரில் மாட்டிய சாமி படங்கள்கூட ஆடும். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்று அர்த்தம். பழகியவர்கள் குரலே எடுக்க மாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள், எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். டீ சொல்வது, நூல் கேட்பது, முதலாளியைக் கிண்டல் செய்வது எல்லாமே உதட்டில்தான். பள்ளிக்கூடத்தில் அ, ஆ படிப்பதற்கு முன்பே எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு உதடு படிக்க வந்துவிடும். அதனால் ரகசியம் பேசுகிற பெண்கள் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். வாயைத்தான் முந்தானையால் மறைப்பார்கள்.

கேபிள் வந்த புதிது அது. வாரம் ஒரு நாள் மாலையில் வெளிநாட்டு மல்யுத்தம் போடுவார்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்போம். கரண்ட் இருந்தால் டி.வி. ஓடும், ஆனால் தறியும் ஓடுவதால் ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால் தறி நின்றுவிடும், டி.வி.யும் நின்றுவிடும். ஆகவே அந்த வருடங்களில் பார்த்த சண்டை எதையும் நாங்கள் காதால் கேட்டதில்லை. சண்டைக்காரர்களின் பெயரும் தெரியாது. நாங்களே வைத்துக்கொண்டோம். மீசைக்காரன், பெயிண்டு மூஞ்சி, சங்கிலிக்காரன்.

கத்திரிப்பூ டவுசர் என்று ஒருவன் இருந்தான். அந்த நிறத்தில் டவுசர் போட்டிருப்பான், அவ்வளவுதான் அவனுக்கு அடையாளம். முன்வழுக்கை, சிறிய தொப்பை. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் பந்தி ஓடுகிறவர் மாதிரி இருப்பான். அவன் வரும்போது யாரும் கைதட்டுவதில்லை. மீசைக்காரனிடம் ஒரு வாரம், சங்கிலிக்காரனிடம் ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டு தோற்பான். தோற்பதற்கு முன்னால் எதிராளியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்வான். அப்போது அவன் உதடு அசையும். உதடு படிப்பதில் கெட்டிக்காரர்களான எங்களுக்கு அது மட்டும் விளங்கவில்லை, இங்கிலீஷ் என்பதால். சாமி கும்பிடுகிறான் என்பான் தம்பி. வலி தாங்காமல் திட்டுகிறான் என்பேன் நான்.

மாமாவுக்கு அவனைத்தான் பிடிக்கும். அம்மாவின் தம்பி அவர், எங்கள் பட்டறையிலேயே தறி ஓட்டினார். பாவு நூல் சுற்றிய பீமை, அந்தக் கனத்த உருளையை, தனியாளாகத் தோளில் வைத்துக்கொண்டு வருகிற உடம்பு. மீசைக்காரனைவிட எங்கள் மாமா பலசாலி என்று நான் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் தோற்கிறவனுக்குக் கட்சி கட்டுவது எனக்கு மானக்கேடாக இருந்தது.

“வாராவாரம் தோக்கறவனைப் போய் உனக்கு ஏன் மாமா புடிக்குது?”

“அவன் இல்லாட்டி மீசைக்காரன் ஆரைத் தூக்கிப் போடுவான் சாமி? காத்தையா?”

அப்போது கடையில் மல்யுத்தச் சீட்டுக்கட்டு விற்றது. ஒவ்வொரு சீட்டிலும் ஒருவன் படம், உயரம், எடை, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை எல்லாம் இருக்கும்; எவன் எண் பெரிதோ அவன் சீட்டு ஜெயிக்கும். அந்தச் சீட்டுக்கட்டில் கத்திரிப்பூ டவுசருக்குச் சீட்டே கிடையாது. மாமா நூல் பெட்டி அட்டையை வெட்டி அவனை வரைந்து கொடுத்தார். ஜெயித்தது என்ற இடத்தில் முட்டை. போட்ட சண்டை என்ற இடத்தில், அட்டை கொள்ளாத அளவுக்கு ஒரு பெரிய எண். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவனை யாராலும் அடிக்க முடியாது. முதலில் கள்ளச்சீட்டு என்று கூச்சல் போட்டவர்கள், பிறகு அந்த அட்டை தங்கள் கைக்கு வராதா என்று ஏங்க ஆரம்பித்தார்கள்.

மாமாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. அந்த வருடம் ஆடிப் பண்டிகைக்கு ராசிபுரத்திலிருந்து பெண் வீட்டார், பண்டிகை பார்க்க வருகிற மாதிரி மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகப் போகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா விடிந்ததிலிருந்து மாமா பின்னாலேயே சுற்றினாள்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் பசங்களோட குதியாட்டம் போடாம, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஊட்டு வாசல்ல நில்லு. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி ஒரு எடம் வராது, ஆமா.”

“நிக்கறேனக்கா. தூணு மாதிரி நிக்கறேன்.”

பண்டிகைக்குத் தறிகள் நின்றிருந்தன. அதற்கு ஈடுகட்டும் வகையில் கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. தெரு நடுவில் பிள்ளைகள் நான்கு கம்பு நட்டு, பாவுக் கயிறு கட்டி, வேஸ்ட் நூல் அடைத்த சாக்குகளைப் பரப்பி மேடை அமைத்திருந்தார்கள். ஐஸ் வண்டிக்காரர் தம் மணியோடு நடுவராக நின்றார். என் தம்பிக்கு அப்போது எட்டு வயது. மூச்சிரைப்பு உள்ளவன், தறித் தூசு பட்டால் இரவெல்லாம் இருமுவான். அவனும் ஒரு துண்டை முதுகில் கட்டிக்கொண்டு மேடையில் ஏறி நின்றான். அவனோடு சண்டை போட வேண்டிய சாயப்பட்டறைக்காரர் மகன் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.

“இவங்கூடவா? ஊதுனா சத்தியமங்கலத்துல போயி விழுவான்!” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

தெருவே சிரித்தது. தம்பி சாக்கின் மேல் தனியாக நின்றான். உதடு பிதுங்கத் தொடங்கியது. அழப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

மாமா வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “கசங்காமப் புடிச்சுக்க சாமி. ரெண்டு நிமிசத்துல வாரேன்.”

கயிற்றைத் தாண்டி உள்ளே போனவர் மாமாவாக இல்லை. தொப்பையைத் தள்ளிக்கொண்டு, கையை ஆட்டி, யாரும் கைதட்டாதபோதும் கும்பிடு போட்டுக்கொண்டு, அப்படியே கத்திரிப்பூ டவுசராக நடந்தார். போய்த் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். உதடு அசைந்தது. இந்த முறை நான் படித்துவிட்டேன். ‘கையப் புடிச்சு இழு. இழுத்தா நான் சுத்தி விழுவேன்.’

தம்பி இழுத்தான். பீம் தூக்குகிற ஆள் பம்பரமாய்ச் சுற்றிப் போய் விழுந்தார். தெரு கோயில் ஒலிபெருக்கியையே அமுக்குகிற மாதிரி ஆரவாரம் செய்தது. மாமா போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. குரல் கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். அவர் உதட்டில் வந்த ஒவ்வொரு சொல்லையும் மொத்தத் தெருவும் படித்துக்கொண்டிருந்தது.

“அடுத்தாப்பல இடுப்பப் புடிக்கச் சொல்றான்” என்றார் என் பக்கத்தில் நின்ற பெரியவர், வெற்றிலையை மென்றுகொண்டே. சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, “உடாதடா, இடுப்பப் புடி!” என்று மற்றவர்களைவிட உரக்கக் கத்தினார். ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியில் தம்பி மூலையில் இருந்த நூல் மூட்டையின் மேல் ஏறினான். துண்டை விரித்துக்கொண்டு குதித்தான். குதித்த வேகத்தில் திசை தவறிவிட்டது. சாக்குக்கு வெளியே, வெறும் தார்ரோட்டுக்கு நேராகப் போனான். மல்லாந்து கிடந்த மாமா ஒரு புரளல் புரண்டு தார்ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தம்பி அவர் வயிற்றின் மேல் விழுந்தான். ஐஸ் வண்டிக்காரர் குனிந்து எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு…”

அந்த நேரத்தில்தான் பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவர் என் தோளைத் தொட்டார். அவர் பின்னால் இன்னொரு ஆளும் ஓர் அம்மாளும் நின்றார்கள்.

“ஏஞ்சாமி, கீழ கெடக்கறது ஆரு?”

“எங்க மாமாங்க.”

“சட்டை?”

“அதும் அவருதுங்க” என்று, கசங்காத சட்டையை உயர்த்திக் காட்டினேன்.

வீட்டு வாசலில் அம்மா இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கே காட்டினாள், கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டினாள், உதட்டை விரித்து விரித்துச் சொன்னாள். ‘ராசிபுரத்துக்காரங்க! வந்துட்டாங்க! எந்திரிடா!’

மாமா அதைப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டியையும் பார்த்தார். வயிற்றின் மேல் பெருமையோடு உட்கார்ந்திருந்த தம்பியையும் பார்த்தார். ஒரு தோளை அசைத்திருந்தால் போதும், தம்பி கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பான்.

மாமாவின் உதடு அசைந்தது. ‘செத்த நேரம் பொறு அக்கா. பையன் செயிச்சுக்கட்டும்.’

“ரெண்டு… மூணு!” ஐஸ் மணி அடித்தது.

தெரு தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டது. எதிர்ச் சாரியில், எங்கள் பட்டறையில் குச்சியில் ஊடை நூலேற்றித் தார் சுற்றுகிற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. இத்தனை பேர் குதித்தால் தூசு கிளம்பத்தானே செய்யும் என்று நினைத்தேன். மாமா எழுந்து, சிராய்த்த முதுகின் மேல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களைக் கும்பிட்டார்.

அவர்கள் பட்டுக் கைத்தறிக்காரர்கள். அவர்கள் வீட்டுத் தறி ஓடும்போது மனிதர்கள் மனிதர்களாகப் பேசிக்கொள்ள முடியும், உதடு படிக்கிற அவசியம் வந்ததில்லை. ஆக அன்றைக்குத் தெருவில் நடந்த சண்டையை நிஜமென்று நம்பியவர்கள் அவர்கள் மூவரும் என் தம்பியும்தான். மாமா வழி மட்டும்தான் சொன்னார், தூக்கிப் போட்டது நான் என்று தம்பி இன்றைக்கும் சாதிக்கிறான்.

காப்பி வேண்டாம், தண்ணி போதுமுங்க என்றார்கள். அடுத்த வாரம் தரகர் வந்தார். “பையன் கொணமாத்தான் இருக்கறான். ஆனா ஒரு பச்சப்புள்ள தள்ளி உட்டதுக்கே எந்திரிக்க முடியலயே, நாளைக்குக் குடும்பத்த எப்படித் தாங்குவான்னு யோசிக்கறாங்க” என்றார்.

அம்மா அழுதாள். “எந்திரின்னு அத்தன தடவ சொன்னனே, ஏண்டா கெடந்த?”

“மூணு எண்ணற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதக்கா. அதுதான் ரூல்ஸு” என்றார் மாமா.

எனக்கு அவர்மேல் கோபம். அவர் உதட்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்திருந்தேன், கோபத்துக்கு அது தடையாக இல்லை. அவ்வளவு பலம் இருந்தும் கீழே கிடந்தவரை எப்படி மன்னிப்பது? அடுத்த தையில் தார் சுற்றுகிற அக்கா எங்களுக்கு அத்தையானார். வேறு இடமே இல்லாததால் பக்கத்திலேயே முடித்துவிட்டார்கள் என்று அதற்கும் நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நேற்று மகன் இடது கையாலேயே போனைத் துழாவி, பழைய சண்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்லத் தேடியிருக்கிறான். கத்திரிப்பூ டவுசரேதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனைச் சத்தத்தோடு பார்த்தேன். விழும்போது மேடைப் பலகை அதிர்கிறது. தலை படாமல் முதுகை முன்னால் கொடுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தரையை அறைகிறான். கழுத்தைக் கட்டிக்கொள்கிற இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியும். சாமியும் கும்பிடவில்லை, திட்டவும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மீசைக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில், பார்த்து, மெதுவாக என்றான். கீழே யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள், இவனோடு மோதியவர்கள் யாரும் அடிபட்டதே இல்லை என்று.

சாயங்காலம் மாமாவும் அத்தையும் பேரனைப் பார்க்க வந்தார்கள். தறிச் சத்தத்தில் மாமாவின் காது பாதி போய்விட்டது. அத்தையிடம் உதட்டில்தான் பேசுகிறார். நடந்ததை அத்தை அவருக்குச் சொன்னார். தொட்டி, குதித்த பொடியன், நகராமல் படுத்துக் கிடந்தது. மாமா கட்டிலருகே போய் மாவுக்கட்டை மெல்லத் தடவினார். பிறகு குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, அவனிடம் ஏதோ சொன்னார்.

மகன் என்னைப் பார்த்தான். “தாத்தா என்னம்மா சொல்றாரு?”

‘நல்லா விழுந்த, சாமி’ என்றிருந்தார்.

“ஒண்ணுமில்ல,” என்றேன். “பாலக் குடிக்கச் சொல்றாரு.”