இரண்டாவது முள்

காலை ஒன்பது நாற்பது. அலைகளை அளக்கும் திரையில் முதலில் கண்ணில் பட்டது இரண்டாவது முள். எங்கள் பெட்டிக்குரிய அலைவரிசையில் அலையின் வலுவைக் காட்டும் ஒரு முள் உயரமாக நின்றது. அதற்குச் சரியாக இரு மடங்கு அலைவரிசையில், இருக்கவே கூடாத இன்னொன்று. சட்டம் அனுமதிக்கும் அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டை அது தாண்டியிருந்தது.

செனாய் தொழிற்பேட்டைச் சோதனைக் கூடம் அது. நீல நுரைக் கூம்புகள் பதித்த அறைக்குள் பெட்டியை வைத்துக் கதவை மூடிவிட்டு, வெளியே உட்கார்ந்து அளப்பார்கள்.

“உங்க பெட்டி ரெண்டு வாயால பேசுது அண்ணே,” என்றார் சோதிக்கும் பெண். “ரெண்டாவது அலைவரிசை வேற கம்பெனியோடது. ஃபெயில் லா.”

நாங்கள் செய்வது கைப்பேசிக் கோபுரத்தின் வேலையைச் செய்யும் சிறிய பெட்டி. எந்த அலைவரிசை என்பதை மென்பொருளிலேயே மாற்றலாம். பாலோவுக்கு அப்பால் சிக்னல் எட்டாத ஒரு செம்பனைத் தோட்டத்தில், தற்காலிக அனுமதியோடு ஒன்றை ஏற்றியிருந்தோம். குன்றுக்குப் பின்னால் இருந்த கிளினிக்கைத் தனியாகப் பார்த்துக்கொண்ட மருத்துவ உதவியாளர் டிரெசர் அம்மா, அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட வழி இல்லையென்றால் மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விடுவதாகத் தோட்ட மேனேஜரிடம் சொல்லியிருந்தார். பெட்டி வந்தபின் தினமும் மாலை எனக்குப் போன் செய்து நிலவரம் சொல்வார்.

“நாலு கோடு காட்டுது தம்பி. சாப்பிட்டாச்சா?”

கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

மென்பொருள் எழுதும் நண்பர் சிங்கப்பூரில் இருந்தார். கூப்பிட்டேன்.

“தோட்டத்துக்கு வேற அலைவரிசை குடுத்தாங்கல்ல, மாத்தினேன். வேண்டாத அலையை வடிகட்டுற பழைய பில்டர் அதை மறிச்சுச்சு. தோட்டத்துப் பெட்டி, சோதனைப் பெட்டி ரெண்டுலயும் கழட்டச் சொல்லிட்டேன். தூரம்கூட கூடுச்சே மச்சான்.”

“நம்பரை மாத்தலாம். பில்டர் இரும்பு. அதுவா மாறுமா?”

“அடடா, அலமாக்! சரி, பவரைக் குறைச்சிடலாம். முள்ளும் குறைஞ்சிடும்.”

குறைத்தார். இரண்டாவது முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது. சோதனையில் தேறினோம். புதிய அலைவரிசைக்கான பில்டரைச் செய்து தர ஆறு வாரம் என்றார்கள். அதுவரை தோட்டத்துப் பெட்டியும் இதே பவரில்தான் ஓட வேண்டும். சிங்கப்பூரில் இருந்தபடியே அதையும் குறைத்தார். சிக்னல் தோட்ட ஆபீஸ் வரை எட்டியது, குன்றைத் தாண்டவில்லை.

டிரெசர் அம்மாவிடம் சொல்லப் போன் செய்தேன். அழைப்பு போகவில்லை. பாலோவுக்குக் கார் ஓட்டிப் போனேன். வழியெல்லாம் மழை.

அவர் கிளினிக் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி, மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் இல்ல?”

அடுத்தவர் அலைவரிசையில் நம் பெட்டி சத்தம் போடக் கூடாது என்பதை விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

“சட்டம் சரிதான். இங்க யாராச்சும் மயங்கி விழுந்தா நான் சத்தம் போட்டா எங்க கேக்கும்?”

“ஆறு வாரம்தான்மா.”

“மேனேஜர்கிட்ட மாசக் கடைசின்னு சொல்லிட்டேன் தம்பி.” உள்ளே போய் எனக்குத் தேநீர் போட்டார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவர் பத்து பாகாட் நகரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார்.