வெங்கிடேஸ்வரன் கேட்ட நீர்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கணக்கெழுதிய வெங்கிடேஸ்வரன் கும்பகோணத்துக்காரர். கொச்சியில் இத்தனை காலம் குடியிருந்தும் மலையாளத்தில் ஒரு சொல்லைக்கூடக் கற்காததைச் சாதனையாகக் கருதினார். சொல்லிக்கொள்ள வேறு சாதனை அவரிடம் இல்லை. மலையாளிகள் தண்ணீரை வெள்ளம் என்பதை வைத்து, “குடிக்க வெள்ளம் கேக்கறா! ஊரே முழுகிப்போயிடாதோ?” என்பது அவருடைய ஒரே நகைச்சுவை. மட்டாஞ்சேரியிலேயே பிறந்த மனைவி லோகாம்பாள் கல்யாணமான நாள்முதல் அதைக் கேட்டுச் சலித்திருந்தாள்.

1964-இல் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லோகாம்பாளுக்குக் குடலில் அறுவை நடந்தது. ஊசி ஏற்ற நரம்பு அகப்படாததால், முழங்கை மடிப்பில் கீறி, நெஞ்சுவரை நீளும் பாலிதீன் குழாயைச் செலுத்தி மருந்து ஏற்றினார்கள். சில நாளில் அந்தக் கை வீங்கிற்று.

நர்ஸ் தொட்டுப் பார்த்து முகம் மாறினாள். “கையில் நல்ல நீருண்டு. ஞான் டாக்டரை விளிக்காம்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம். வெங்கிடேஸ்வரனின் கலப்பற்ற தமிழ்ச் செவியில் அது தண்ணீராக விழுந்தது. மருந்து பாட்டிலிலிருந்து இறங்குவதுதான் கையில் தேங்குகிறதென்று தீர்ப்பளித்து, குழாயின் திருகை இறுக மூடினார்.

“ஐயோ, என்ன பண்றேள்? ஏன்னா, நீர்னா இங்க வீக்கம்! திறங்கோ அதை!”

“எனக்கே தமிழ் சொல்லித் தரயா? பேசாம படுடீ.”

அவளால் கையை அசைக்க இயலவில்லை. அது தோள்வரை கனத்து நீலம் பாரித்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. கணவர் திருப்தியோடு பாட்டிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரின் இலக்கணத்துக்குத் தன் உயிர் போகப்போகிறதென்று அவளுக்கு விளங்கியது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி வராந்தாவை நோக்கி மலையாளத்தில் கத்தினாள்:

“சிஸ்டரே, ஓடி வரணே! இவர் குழல் அடச்சு!”

டாக்டரும் நர்ஸும் விரைந்து வந்தார்கள். கை நரம்பில் முன்பே உறையத் தொடங்கியிருந்த ரத்தம், ஓட்டம் நின்றதும் குழாயையே அடைத்திருந்தது. டாக்டர் குழாயை உருவியெடுத்து, ரத்தம் மேலும் கட்டாதிருக்க ஊசி போட்டார். உயிர் தங்கியது. கையின் வீக்கம் மட்டும் முழுதாக வடியவேயில்லை.

வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்களிடம் வெங்கிடேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: “நான் மட்டும் திருகை மூடலேன்னா தண்ணி மூளைக்கே ஏறியிருக்கும்!”

“ஆமாம், மூளை இருக்கறவாளுக்கு அந்தப் பயம் உண்டு. இவர் தைரியமா நின்னார்” என்பாள் லோகாம்பாள்.

தைரியம் என்ற சொல் மட்டுமே அவர் காதில் ஏறும். அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார்.