லத்தீனில் நான் வேறு ஆள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு மறு வருடம் நடந்தது இது. மலாக்கா காஜா பேராங்கில், செட்டிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான் ரோடு போடும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. இந்த நாட்டில் பிறந்தவன் என்று மாதக் கடைசிக்குள் அத்தாட்சி கொடுத்தால் நிரந்தரம். இல்லையென்றால் வேலை போய்விடும். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வேலை போனால் மறுபடி ரப்பர் எஸ்டேட்டுக்குப் போய்ப் பால்மரம்தான் வெட்டவேண்டும்.

எஸ்டேட்டில் பிறந்த என்னை அரசாங்கத்தில் யாரும் பதியவில்லை. மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் பதிந்திருந்தார்கள். சாமியார் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பினாங்குக்குத் தியானத்துக்குப் போய்விட்டார்; மாதம் முடிந்துதான் வருவார். எழுதியது முழுக்க லத்தீன்.

ரோடு ஆபீஸ் கவுண்டரில் காகிதம் வாங்கும் கிராணி நம் தமிழ் ஆள்தான். தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது என்ன பாஷை அண்ணே? இங்கிலீசுல மாத்தி, சாப்பு முத்திரை அடிச்சுக் கொண்டாங்க" என்று தள்ளிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

டவுனில் மனு எழுதுகிறவர்களில் ஒருவர் விடாமல் போய்க் கேட்டேன். தமிழ், மலாய், சீனம், இங்கிலீஷ் எல்லாம் உண்டு. லத்தீன் மட்டும் கிடையாது. ஒருவர், "எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதானே தம்பி, ஒரு மாதிரியா எழுதிடலாம்" என்றார். நான் பிறந்த கதையை இவர் ஒரு மாதிரியாக எழுதுவதா? தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் உஜோங் பாசிரில் ஒரு போர்த்துகீசிய வாத்தியார் கிடைத்தார். சாமியாராகப் படிக்கிறவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; கோர்ட்டுக்கே மொழிபெயர்த்துக் கொடுப்பாராம். இருந்தது பத்து வரி. அதற்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார் மனிதர். எப்போது போனாலும் தடி அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, "பொறு, பொறு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கொடுக்கும்போது டைப் அடித்து, கையெழுத்து, சாப்பு எல்லாம் சுத்தமாகத்தான் கொடுத்தார்.

கிராணி அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல இருக்கிறது பால், தகப்பன் பேரு பீட்டர். உங்க அடையாளக் கார்டுல சின்னப்பன், தகப்பன் இராயப்பன். இது வேற ஆளு அண்ணே."

எங்கள் வீட்டில் பாலும் கிடையாது, பீட்டரும் கிடையாது. வாத்தியார் எவனுடைய காகிதத்தையோ என் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே உஜோங் பாசிர் போனேன்.

வாசலிலேயே கத்த ஆரம்பித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் மலாயில் கத்தினேன். வயதாகிவிட்டது, கண்ணும் தெரியவில்லை, அப்புறம் ஏன் இந்த வேலை என்றெல்லாம் கேட்டேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவர் தாளை இன்னொரு தரம் படித்தார். "பவுலுஸ் என்று இருக்கிறது. பவுலுஸ் என்றால் பால். இல்லாததை நான் எழுதமாட்டேன்."

"என் பெயர் சின்னப்பன்! அப்போஸ்தலர் சின்னப்பர் பெயர்!"

"அப்படி ஓர் அப்போஸ்தலர் இல்லையே."

"ஏன் இல்லை? புனிதர்கள் பிரார்த்தனையில் இராயப்பருக்கு அடுத்து அவர்தானே வருகிறார்!"

மனிதர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு லத்தீன் ஜெபப் புத்தகத்தோடு வந்தார். "உன் கோயிலில் சொல்கிற மாதிரியே வரிசையாகச் சொல்" என்றார்.

கொளுத்தும் வெயிலில், கோபம் தணியாமலே ஒப்பித்தேன். இராயப்பர். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. சின்னப்பர். அடுத்த வரி. பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர். ஒவ்வொரு பெயருக்கும் விரல் ஒரு வரி இறங்கியது. அடுத்து நான் தோமையார் என்றேன். அதே மூச்சில் அவரும் "தோமா" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் விரலை மெதுவாக மேலே கொண்டுபோய், இரண்டாவது வரியில் வைத்தார். பவுலுஸ்.

கத்திய தப்பு என்னுடையது. அவரோ, "ஒரு தமிழரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கவேண்டும்" என்று தன்னையே நொந்துகொண்டார். மறுநாள் அந்த வயதிலும் என்னோடு ஆபீசுக்கு வந்து, பவுலுசைத் தமிழ்க் கத்தோலிக்கர் சின்னப்பன் என்றும், பெத்ருசை இராயப்பன் என்றும் சொல்வார்கள் என்று எழுதிச் சத்தியம் செய்து கொடுத்தார். கிராணி முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். வேலை நிரந்தரமாயிற்று.

அடுத்த வாரம் லாரியில் டவுன் குன்றைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். செயின்ட் பால் குன்று என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அது என் பெயர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முப்பது வயதுவரை என் பெயரையே பாதிதான் தெரிந்துவைத்திருந்த நான், மீதியைச் சரியாக எழுதிக் கொடுத்த மனிதரை அவர் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினேனே என்ற வெட்கம், இன்றும் யார்மேலாவது குரல் உயரும்போது என்னை அடக்கிவிடுகிறது.