ஜிம்மியின் காதுகள்

எங்கள் நாய் ஜிம்மியின் காதுச் சீழைப் போல விடாப்பிடியான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஜிம்மிக்குத் தொங்கு காதுகள். ஒருநாள் தலையைச் சாய்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது. காது மடலைத் தூக்கினால் கெட்டுப்போன மிளகாய்ச் சம்பல் வாடை.

அப்பா நண்பரின் வேனில் கிள்ளான் டவுனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த தமிழ் மிருக டாக்டர் பஞ்சுக் குச்சியால் சீழை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாக்டீரியா என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். பத்து நாளில் வாடை போனது. மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தது. அடுத்த மருந்துக்கும் அதே கதிதான். மூன்றாம் முறை, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்க்கச் சீழை லேப்புக்கு அனுப்பினார்.

"அண்ணே, அடிக்கடி குளிப்பாட்டுறீங்களா? காதுல தண்ணி போனா எந்த மருந்தும் கேக்காது லா."

"சேச்சே, மாசத்துக்கு ஒருவாட்டிதான் டாக்டர்."

அப்பா பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குளிப்பாட்டுவது என்றால் சோப்பு, வெந்நீர், துண்டு எல்லாம் வேண்டும். வெள்ளிக்கிழமை நடப்பதற்குப் பெயர் 'கழுவி விடுவது'. அம்மா விளக்கேற்றுமுன் வாசல் சிமெண்டு, செருப்புகள், ஜிம்மி மூன்றையும் நான் ரப்பர் குழாயால் கழுவி விடவேண்டும். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும்.

"என்னா நாத்தம்! காதுலயும் நல்லா அடி," என்பார் அம்மா.

நாறியதால் அடித்தேன், அடித்ததால் நாறியது. வீட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

லேப் சொன்ன மருந்தும் தோற்றது. கடைசியாகப் போனபோது டாக்டர் அப்பாவிடம் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். அன்று வெள்ளிக்கிழமை. வீடு வந்ததும் நான் வழக்கம்போல் குழாயைத் திறந்து ஜிம்மியின் பக்கம் திருப்பினேன். அப்பா ஓடிவந்து குழாயைப் பிடுங்கினார்.

"என்ன பண்ற?"

"கழுவி விடுறேன்பா. எப்பவும் செய்யறதுதானே?"

அப்பா குழாயையே பார்த்தார். பிறகு ஈரச் சிமெண்டிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஜிம்மி திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் அடித்த கோபம் என்று நினைத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதன் காது மடலைத் தூக்கி, "சாரி ஜிம்மி, இனிமே தண்ணி அடிக்க மாட்டேன்," என்பேன். அது அசையாது. கோபம் இன்னும் தீரவில்லை போல என்று, மறுநாள் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.