உறையாத ரத்தமும் ஓர் எண்ணூர்ப் பயணமும்

இந்த மழைக்காலத்துக்கு முன் நான் எண்ணூருக்குப் போனது காற்று வாங்க அல்ல. ராயபுரத்தில் என் வீட்டில் தங்கிக் கருங்காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த தங்கை செசிலியை, அவள் புருஷன் அந்தோணி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டான். இன்னும் இரண்டு ஊசி பாக்கி. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பும், அப்புறம் இதே மருந்து கேட்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஊசிக்குப் பிறகு யாருக்கு இருமல், யாருக்கு வாந்தி என்று எழுதிக்கொள்வார்கள். அவ்வப்போது ரத்தம் எடுத்து, குப்பியில் தெளிந்து நிற்கும் அதன் நீரில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். நோய் இருந்தால் அவித்த முட்டை வெள்ளைபோல உறைந்துவிடும். செசிலிக்கு முதலில் உடனே உறைந்தது. போன வாரம் உறையவே இல்லை. கூடவே ஊசி போட்டதும் இருமல் வேறு. எங்கள் ஜனங்களுக்குக் கெட்டி ரத்தம்தான் நல்ல ரத்தம். அந்தோணி பயந்து ஓடிவிட்டான். நானும்தான் பயந்தேன், டாக்டரிடம் கேட்ட பிறகே மூச்சு வந்தது.

விடிந்ததும் ஜட்கா வண்டி பிடித்தேன். பத்து மைல் தூரம். திருவொற்றியூர் தாண்டியதும் சக்கரம் மணலில் புதைந்தது. சீக்கிரம் போகச் சொல்லி வண்டிக்காரரை நச்சரித்தேன்.

"இன்னா நைனா, குதுர இன்னா ரயிலா? பேஜாரு பண்ணாம குந்து. இல்லாங்காட்டி எறங்கித் தள்ளு."

இறங்கித் தள்ளினேன். கடலழகை விசாரிப்பவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள். நான் பார்த்தது சக்கரத்தைத்தான்.

வீட்டு வாசலில் அந்தோணி வலை பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வழியை மறித்தான்.

"அவ ரத்தம் தண்ணியா பூட்ச்சி மச்சான். ஊசி போட்டே கொன்னுடுவானுங்க. அனுப்ப மாட்டேன்."

"உறைஞ்சாதான் மாப்ளே நோவு. உறையலன்னா கொறையுதுன்னு அர்த்தம். டாக்டர் சொன்னாரு."

அவன் அசையவில்லை. உள்ளேயிருந்து செசிலி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரத்தம் கட்டிகினு இருந்தப்போதான நான் சாவக் கெடந்தேன்? அத்த யோசிச்சியா நீ?"

அந்தோணி வலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் அவளுடைய சேலைகளை மடித்துக் கட்டத் தொடங்கினான்.

நோயாளியோடு வருகிறவர்கள் ஜட்காவை நம்பாதீர்கள். நாங்கள் திரும்பியது ரயிலில். குலுக்கலும் இல்லை, வசவும் இல்லை. தலைக்கு ஒரு துணியும் குடிக்க வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் இருமினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குப்பியில் எது நடந்தாலும், ஓடுவதற்கு முன் அதன் அர்த்தத்தைக் கேளுங்கள்.

பாக்கி ஊசிகளும் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்த அன்று, உறையாதே, உறையாதே என்று மாதாவை வேண்டியபடி நின்றேன். டாக்டர் குப்பியைச் சாய்த்தார். அவர் வாய் திறப்பதற்குள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி அந்தோணி கத்தினான்:

"தண்ணியா கீது மச்சான்! தண்ணியாவே கீது!"